வாசலுக்குக் குறுக்கே ஒரு ஜோடி ஷூ

என் வீட்டுக்காரரின் தொண்டைக்கு எங்கள் லைன் வீடுகள் மொத்தமும் பயப்படும். அவர் அஞ்செட்டி மலைப் பக்கத்து ஆள். ஒரு மேட்டில் நின்றுகொண்டு அடுத்த மேட்டில் மேயும் மாட்டைக் கூப்பிட்டு வளர்ந்தவர். ஓசூருக்கு வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தத் தொண்டை மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும்போது யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டால் போதும். "யார்ரா அது!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். கடைசி வீட்டுக் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்துக்கு நான் அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே மாதிரி கத்திக் காட்டிச் சிரிக்கிற அளவுக்குத் துணிந்துவிட்டேன்.

எங்கள் லைனில் எல்லோரும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். சேலம், திருவண்ணாமலை, மதுரை என்று ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பேச்சு. வீட்டு ஓனரம்மா தெலுங்கு. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. நைட் முடிந்து வந்த ஆள் படுத்துவிட்டால், அவருடைய சேஃப்டி ஷூவை வாசலுக்குக் குறுக்கே போட்டு வைப்போம். அதைப் பார்த்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவார்கள். குப்பை வண்டிக்காரர்கூட எங்கள் லைன் பக்கம் திரும்பும்போது பாட்டை நிறுத்திவிடுவார். நல்லதோ கெட்டதோ, எந்தச் செய்தியானாலும் அந்த ஷூவை எடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும். தலைவலியா, காய்ச்சலா, சூப்பர்வைசரோடு சண்டையா, எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே மருந்து: தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

இது நடந்த மாசம் ஊருக்குப் பக்கத்துச் சானமாவுக் காட்டில் யானைகள் வந்து தங்கியிருந்தன. அவர் கம்பெனிக்கு சைக்கிளில்தான் போவார். கம்பெனி பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் சைக்கிளில் வந்து குளித்தே முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. காட்டை ஒட்டி ஒரு குறுக்கு வழி உண்டு. யானை நடமாட்டம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று வனத்துறையிலிருந்து போனில் செய்தி வந்த நாளிலிருந்து சண்டை போட்டு அந்த வழியை நிறுத்தி வைத்திருந்தேன். ஹைவேயை ஒட்டின சர்வீஸ் ரோட்டில் வாருங்கள், அங்கே வெளிச்சம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஷிஃப்ட் முடிந்து வரும் வரைக்கும் தினமும் யானையை நினைத்துத்தான் பயந்துகொண்டிருப்பேன். காரை நினைத்து ஒரு நாளும் பயந்ததில்லை.

நானும் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்குப் போகிற ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். பகல் ஷிஃப்ட். ஒரு நாள் காலை. எனக்கு வார லீவு. நல்ல பனி. தோசை மாவை ஊற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிளில் ஏறி வராமல் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேண்டில் பார் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பின் சக்கரம் மட்கார்டில் உரசிக் கிறீச் கிறீச் என்றது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஒரு கார்க்காரன் தட்டிட்டான்டி," என்றார்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு. பேன்ட் முட்டியில் கிழிந்திருந்தது. தலையில் கம்பளிக் குல்லா அப்படியே இருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தேன். காதுக்கு மேலே கொஞ்சம் வீங்கியிருந்தது, ரத்தம் இல்லை.

"என்னாங்க இது? எப்பிடி ஆச்சு?"

"கர்நாடகா வண்டி. டீ குடிக்க ஓரங்கட்டுறன்னு வந்து பின் வீல்ல இடிச்சிட்டான். விழுந்தன், எழுந்தன். சின்னப் பையன். பயந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு வாங்க சார், வாங்க சார்ன்னு ஒரே தொல்ல. ஒண்ணுமில்லப்பா, நீ கெளம்புன்னு அனுப்பிட்டன்."

"வண்டி நம்பராச்சும் பாத்தீங்களா?"

"என்னாத்துக்கு? உசுரோடதான வந்திருக்கறன். கேஸு, ஸ்டேஷன்னு போனா எவன் தூங்கறது?"

நான் கத்தினேன். சைக்கிளின் கோணலைப் பார்த்துக் கத்தினேன், அவர் சிரிப்பைப் பார்த்துக் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அதுவே எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தார். தோசையை ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். குமட்டுகிறது என்றார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பாதி நாள் அவருக்குக் குமட்டும். தலை வலிக்கிறது என்றார். அதுவும் வழக்கம்தான். லைட்டை அணை, கண் கூசுகிறது என்றார். அதையும் தினமும் சொல்வார். அப்புறம் என்னைப் பார்த்து, "உனக்கு இன்னிக்கி லீவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "ஏன் இன்னும் கெளம்பல? லீவா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இராத்திரி முழுக்கக் கண் விழித்த ஆளுக்கு இந்தத் தடுமாற்றம் எங்கள் லைனில் அதிசயம் இல்லை. ஒருத்தர் பல் தேய்க்கிற பிரஷ்ஷில் ஷேவிங் கிரீமைப் போட்ட கதையை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மண்டையில் அடிபட்ட ஆளுக்கு என்னென்ன வரும் என்று பின்னால் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனையும் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் ஆளுக்கும் வருவதுதான். ஒன்றுகூட மிச்சம் இல்லை.

ஷூவோடு உள்ளே நடந்து போய்ப் பாயில் சாய்ந்தார். அப்படி ஒரு நாளும் செய்யமாட்டார். நான்தான் முணுமுணுத்துக்கொண்டே லேஸை அவிழ்த்துக் கழற்றி, கிழிந்த பேன்ட்டையும் உருவி லுங்கியைச் சுற்றிவிட்டு, ஷூவைக் கொண்டுபோய் வாசலுக்குக் குறுக்கே போட்டேன்.

அதிலிருந்து லைன் அடங்கிவிட்டது.

அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். அத்தனை பேரும் நம் வீட்டு ஆளுக்காகக் சத்தமில்லாமல் அடி மேல் அடி வைத்து நடப்பதைப் பார்க்க ஒரு பெருமைகூட உண்டு. அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குப்பை வண்டி பாட்டு இல்லாமல் வந்து போனது. கீரைக்காரம்மா கை ஜாடையில் விலை சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா கோணிப் போன சைக்கிளைப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டாள். நான் கிட்டே போய்க் காதோடு சொன்னேன். "நல்லவேளடி, சாமி புண்ணியம்," என்று அவளும் காதோடு சொன்னாள். "தூங்கட்டும், தூங்கட்டும். தூங்குனா எல்லாம் சரியாப் பூடும்."

இரண்டு தரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டில் குறட்டை கேட்டது. நான் வெளியே வந்து அவருடைய பேன்ட்டை ஊறவைத்தேன். கிழிந்த இடத்தில் தார் ஒட்டியிருந்தது. அது போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகாமல், எனக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. இப்போது யோசித்தால், என் கைக்கு முதலில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

நடு வெயிலில் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு கூடினோம். அங்கேயும் பேச்சு கிடையாது. ஓனரம்மா தன்னுடைய பெரிய பித்தளைக் குடத்தை நிரப்பி இடுப்பில் தூக்கினாள். கை நழுவிவிட்டது. சிமென்ட் தரையில் டமாரென்று விழுந்து, கடகடவென்று எங்கள் வாசல் வரைக்கும் உருண்டு போய், அந்த ஷூவில் முட்டி நின்றது.

அத்தனை பேரும் அப்படியே நின்றோம். எல்லார் கண்ணும் எங்கள் கதவின் மேல் இருந்தது. ஓனரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்தோம். அப்போதும் வரவில்லை. ஓனரம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். "பாவம், அசந்து தூங்கறாரு," என்றாள் அக்கா. எல்லோருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

நான் மட்டும் என் குடத்தை அப்படியே கீழே வைத்தேன். இத்தனை வருஷத்தில் ஸ்பூன் விழுந்தால்கூடக் கத்துகிற மனுஷன். அந்தக் குடத்துக்குக் கத்தவில்லை என்றால் அவர் தூங்கவில்லை.

உள்ளே ஓடினேன். குறட்டை இருந்தது. ஆனால் அது அவர் குறட்டை இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி அந்தச் சத்தம். தலையணை ஈரமாக இருந்தது. வாந்தி. ஏங்க, என்றேன். காலைப் பிடித்து ஆட்டினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு தொண்டை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏந்திரிங்க!" என்று கத்தினேன். கன்னத்தில் அறைந்தேன். கதவருகே அக்கா வந்து நின்று, வாயில் விரலை வைத்து, "ஏண்டி, பைத்தியமா? நைட்டு பாத்துட்டு வந்த ஆள இப்பிடியா எழுப்புவ?" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் அவர் முகத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவளும் கத்தினாள்.

எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு பாய் மத்தூர்ச் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றி வந்து விற்பவர். சரக்கு இறக்கியும் இறக்காமலும் வண்டியைத் திருப்பினார். படுத்திருந்த பாயோடு அவரை நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினோம். நசுங்கிய தக்காளிச் சாற்றில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்போது பார்த்தேன். ஷூ வாசலுக்குக் குறுக்கே அப்படியே கிடந்தது. வாசலில் அத்தனை பேர் கூடியிருந்தும் அதைத் தாண்டித்தான் நின்றார்களே தவிர, யாரும் எடுக்கவில்லை.

ஓசூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்துகிறது, உடனே பெங்களூருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் லாரிக் கூட்டத்தில் வண்டி நின்று நின்று போனது. சைரன் போட்டும் வழி கிடைக்கவில்லை. கூட இருந்த நர்ஸ் கன்னடத்துப் பெண். "யாவாக பித்ரு?" என்று கேட்டாள். எப்போது விழுந்தார்? காலையில் என்றேன். விழுந்ததும் நினைவு தப்பியதா என்று கேட்டாள். இல்லை, விழுந்தார், எழுந்தார், அவரேதான் சொன்னார் என்றேன். பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டுமாம்.

நான் எதிர் வீட்டு பாய்க்குப் போன் போட்டு, சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் விசாரிக்கச் சொன்னேன். அவர் நேரே அந்த டீக்கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு எனக்குத் திரும்பப் பேசினார். 

"தங்கச்சி, விழுந்ததும் பேச்சு மூச்சில்லாம கெடந்தாராம்மா. தண்ணி தெளிச்சுத்தான் எழுப்புனாங்களாம். கண்ணத் தொறந்ததும், 'ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சா'ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். அவரும் சிரிச்சாராம்."

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. விழுந்தார், எழுந்தார். நடுவில் இருந்தது அவருக்கே தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு, தோளைத் தட்டி, சைக்கிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆம்புலன்ஸில் உட்கார்ந்து எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்று வரைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கார்ப் பையன் மேல் பாதிதான். அவனாவது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான்.

ஆபரேஷன் முடிந்து, அவர் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளும் வரைக்கும் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டி நம்பரைக் கேட்டார். நம்பர் இல்லை. வண்டி என்ன நிறம் என்றார். டீக்கடையில் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள், இவருக்கோ அந்தக் காலைப் பொழுதே நினைவில் இல்லை.

அதற்கப்புறம் லைனில் நான் வேறு மாதிரி ஆகிவிட்டேன். சைக்கிளிலோ பைக்கிலோ போகிறவர்கள் யாராக இருந்தாலும் பிடித்து நிறுத்திச் சொல்வேன். விழுந்தால் ஒண்ணுமில்லை என்று சொல்லாதே, அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். இடித்தவன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டாலும் போ. வண்டியை, நம்பர் பிளேட்டைப் போனில் படம் பிடி. உன்னால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவனைப் பிடிக்கச் சொல். எத்தனை நேரம் கிடந்தேன் என்று கூட்டத்தைக் கேள். வீட்டுக்கு வந்தாயா, தூக்கம் வந்தால் அது தூக்கம் என்று நம்பாதே. சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

போன மழைக்காலத்தில் கடைசி வீட்டுச் சேலத்துக்காரர் மழையில் பைக் வழுக்கிக் கீழே விழுந்து வந்து படுத்தார். அவர் வாசலில் ஷூ குறுக்கே கிடந்தது. தாடையில் சிராய்ப்பு என்று அவர் சம்சாரம் என்னிடம் கிசுகிசுத்தாள். அவ்வளவுதான். ஷூவைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு, தோசைக் கரண்டியால் கதவைத் தட்டினேன். லைன் மொத்தமும் வெளியே வந்தது. அந்த மனுஷர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என்னைத் திட்டினார், என் பரம்பரையைத் திட்டினார். "திட்டுங்கண்ணே, நல்லாத் திட்டுங்க, திட்டிக்கிட்டே வண்டியில ஏறுங்க," என்றேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில் எனக்கு அரைக் கிறுக்கி என்று பெயர். அந்தத் திட்டைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மறுபடி வேலைக்குப் போகிறார். பகல் ஷிஃப்ட், கம்பெனி பஸ். நடை சரியாக இருக்கிறது, பேச்சு சரியாக இருக்கிறது, கூட வேலை பார்ப்பவர்கள் பெயரெல்லாம் நினைவிருக்கிறது. காதுக்கு மேலே தழும்பில் மட்டும் முடி முளைக்கவில்லை. தொண்டை போய்விட்டது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சிலருக்கு இப்படி அடிபட்ட பிறகு சுபாவம் மாறும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். எதற்கும் கோபம் வருவதில்லை. உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் சாப்பிடுகிறார். என்னை வாடி போடி என்று கூப்பிடுவதில்லை. "எவ்ளோ சாந்தமாயிட்டாரு, நீ குடுத்து வெச்சவ," என்கிறாள் அக்கா. நானும் தலையாட்டுகிறேன். சில நாள் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அன்றைக்கு நைட் ஷிஃப்டுக்குப் போன மனுஷர் இன்னும் வீடு திரும்பவில்லை என்று தோன்றிப் பயந்து எழுந்து உட்காருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். இட்லிப் பானை மூடியைக் கையில் எடுத்தேன். வேண்டுமென்றே தரையில் போட்டேன். அது சுற்றிச் சுற்றி அடித்துவிட்டு நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மெதுவான குரல்.

"கை வழுக்கிடுச்சாம்மா? காலுல படலயே?"

"படலங்க, தூங்குங்க," என்றேன்.

குனிந்து மூடியை எடுத்தேன். மறுபடியும் போட்டேன்.